கை எட்டுத எடத்துல ஒழுக்கு

அந்த ஸ்டூலு வேண்டாம் தம்பி, அது உங்கப்பா உக்காருத ஸ்டூலு. இந்த டயரு மேல உக்காருங்க, தொடச்சுதான் போட்டிருக்கேன், பேண்ட்ல கரி ஒட்டாது. எபநேசர் சார் மகன்னு நீங்க சொல்லவே வேண்டாம், அந்தக் காதப் பாத்தாலே தெரியுது. பெங்களூர்லேந்து எப்ப வந்திய? சரி சரி. இந்தக் காரு வண்டிய விக்கப் போறிய, அதுக்கு முந்தி ஒழுக்கு கிழுக்கு இருக்கான்னு பாக்கணும், அதான? பாத்துருவோம். ஆமா, என்கிட்ட வாரேன்னு உங்கப்பாட்ட சொன்னியளா? அவரு ஒண்ணும் சொல்லலயா? முத்து ஷெட்டுக்குப் போவாதன்னு சொல்லல?

சொல்ல மாட்டாரு. வாயத் தொறந்து சொல்லுத ஆளா இருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே.

இருங்க, மொதல்ல இந்த அட்டைய அடியில போட்டுக்கிடுதேன். ஃபிரிட்ஜு வந்த அட்டை, இதுக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். வண்டி ஓடட்டும், அணைக்காதீங்க. குளுந்த வண்டியில ஒழுக்கு தெரியாது. சூடேறி ஆயிலு எளகணும், தண்ணிக்கு பிரஷர் ஏறணும், அப்பத்தான் எங்க ஓட்டைன்னு காட்டும். காலம்பற குனிஞ்சு பாத்துட்டு ஒழுக்கே இல்லங்கான் பாருங்க, அவன நம்பவே கூடாது. நான் இந்த ஷெட்டப் போட்டு உங்க வயசு ஆவுது தம்பி. இல்லாத ஒழுக்க இருக்குன்னு ஒரு நாளும் சொன்னதில்ல. பாளையங்கோட்டை பூரா கேட்டுப் பாருங்க. பேச்சிமுத்து கோவக்காரம்பான், வாய் ஜாஸ்திம்பான். பொய்க்காரன்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம்.

அப்பேர்ப்பட்ட எனக்குத்தான் உங்கப்பா துரோகம் பண்ணினாரு. முழிக்காதீங்க. துரோகம்தான். வேற பேரு இருந்தா நீங்க சொல்லுங்க, படிச்ச பிள்ள.

உங்கம்மா, டீச்சரம்மா, தவறுனது கிறிஸ்துமஸுக்கு முந்தி. நானும் அடக்கத்துக்கு வந்திருந்தேன், நீங்க கவனிச்சிருக்க மாட்டிய. இந்த வண்டியே டீச்சரம்மா லோன் போட்டு வாங்குனதுதான, அதுக்கு மொத ஆயிலு மாத்துனதே நான்தான். நீங்க காரியம் எல்லாம் முடிச்சுட்டு பெங்களூரு கெளம்புனிய. நீங்க போன மறு வாரம்னு நெனைக்கேன், ஒரு சனிக்கிழமை சார் வண்டியக் கொண்டாந்து நிறுத்துதாரு. "முத்து, கீழ சொட்டுதுப்பா"ங்காரு.

குனிஞ்சு பாக்கேன். கறுப்பும் சொட்டுது, பச்சையும் சொட்டுது. கறுப்பு ஆயிலு, தொட்டா வழுக்கும். பச்சை கூலண்டு, என்ஜின் சூட்டத் தணிக்கிற தண்ணி, மோந்தா ஒரு இனிச்ச வாடை அடிக்கும். ரெண்டும் ஒண்ணா ஒழுகுதுன்னா லேசான காரியம் இல்ல. உள்ளுக்குள்ள ரெண்டும் கலந்துட்டுன்னு வைங்க, ஹெட்டு பேக்கிங் போச்சு, என்ஜின எறக்கணும். பதறிப்போயி ஆயிலு குச்சிய உருவிப் பாத்தேன். கலந்திருந்தா பால் ஊத்துன டீ மாதிரி இருக்கும். நல்லவேளை, கலக்கல. "பயப்படாதீங்க சார், ரெண்டும் தனித்தனி ஒழுக்கு"ன்னேன். அவரு பக்கத்துல நின்னுக்கிட்டு, "இனும ஓடுமா முத்து?"ங்காரு. "சார், இது வயசுக்கு வாரது. ரப்பர் எறுகிப் போச்சு, பேக்கிங் காஞ்சு போச்சு. மாத்த வேண்டியத மாத்துனா நல்லா ஓடும்"னேன். மாத்த முடியாதது ஒண்ணும் இல்லயேன்னு கேட்டாரு. இல்லன்னேன். அந்த ஸ்டூல்ல உக்காந்தாரு. அன்னைக்கு உக்காந்ததுதான்.

மேல ஒழுகுனா கீழதான் காட்டும் தம்பி, அதுல ஏமாந்துரக் கூடாது. சொட்டுத எடத்துல போயி ஸ்பேனர் போடுதவன் மெக்கானிக்கே இல்ல. என்ஜின மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவி, காய வச்சு, குட்டிப் பிள்ளைக்குப் போடுத பவுடர வாங்கி பூரா தூவி விட்டேன். பொறவு வண்டிய ஓட விட்டா, எங்க மொதல்ல நனையுதோ அங்கதான் நோவு. என்ஜின் தலைய மூடியிருக்க டேப்பட் கவரு ஓரமா பவுடர் கறுத்துக்கிட்டு வருது. அங்க கசிஞ்சு, என்ஜின் முதுகு வழியா வடிஞ்சு, கீழ வந்து சொட்டுது. பச்சை எங்கேருந்துன்னா தண்ணி பம்புலேருந்து. பம்புக்கு அடியில பொடி ஓட்டை ஒண்ணு உண்டு, உள்ள சீலு போயிட்டுன்னா அது வழியா அழும். அதப் போயி அடைக்கக் கூடாது, பம்ப மாத்தணும். மதுரையிலேருந்து சாமான் வரணும். அது இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சுட்டான்.

அதுவரைக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை சார் வந்துருவாரு. சாமான் வந்துட்டான்னு கேக்க. ஒரு போன் போட்டா தெரிஞ்சுட்டுப் போவுது, ஆனா நேர்லதான் வருவாரு. நான் வண்டிக்கு அடியில கெடப்பேன், அவரு ஸ்டூல்ல இருந்துக்கிட்டு எனக்குப் பேப்பர் வாசிப்பாரு. மொதல்ல செத்தவங்க படம், பொறவு தங்கம் வெல, பொறவுதான் மத்தது. பூகோள வாத்தியார்லா, எங்கயாவது பூகம்பம்னா அந்த ஊரு எங்க இருக்கு, என்ன மலை, என்ன ஆறு, எல்லாம் சொல்லுவாரு. அடியில கெடக்கிறவனுக்கு என்னத்துக்கு ஆறும் மலையும்? இருந்தாலும் கேட்டுக்கிடுதது. டீ ரெண்டு வரும், அவருக்குச் சீனி போடாம. எனக்கு ஒண்ணும் அவரு வந்துதான் பொழுது போவணும்னு இல்ல தம்பி. எனக்குத் தலைக்கு மேல வேலை கெடக்கு.

சாமான் வந்துச்சு. நானும் கொம்பையாவுமா மாத்துனோம். கொம்பையா யாருன்னு சொல்லணும்லா. என் ஷெட்டுல வேலை பாத்தவன். கல்யாணத்துக்கு முந்தி வந்தவன், இப்ப அவன் மக காலேஜு போவுது. பம்பு புதுசு, பேக்கிங் புதுசு, ஹோசு எல்லாம் புதுசு. அட்டையப் போட்டுப் பாத்தா பொட்டுச் சொட்டு இல்ல. "சார், இனும நீங்க இந்தப் பக்கமே வர வேண்டாம்"னு சந்தோசமாத்தான் சொன்னேன். அவரும் சிரிச்சுக்கிட்டுதான் போனாரு. அடுத்த சனிக்கிழமை வரல. பேப்பர் அப்பிடியே மடிப்புக் கலையாம கெடந்துச்சு.

அதுக்கடுத்த சனிக்கிழமை வந்துட்டாரு. "முத்து, மறுபடியும் சொட்டுது."

எனக்குச் சீன்னு போச்சு. அடியில போயிப் பாத்தா ஆயிலு வடிக்கிற நட்டு லூசா இருக்கு. அந்த நட்ட நாங்க ஆயிலு மாத்தும்போதுதான் தொடுவோம். சரி, கொம்பையா மறந்துட்டான் போலன்னு முறுக்கி விட்டேன். அடுத்த வாரம் பச்சை. ஹோசு கிளிப்பு தளந்திருக்கு. அதுக்கடுத்து ரேடியேட்டர் அடியில இருக்க திருகு. அதுக்கடுத்து மறுபடியும் நட்டு. எனக்குக் கோட்டி பிடிச்சுட்டு தம்பி! புதுசாப் போட்ட பம்பு ஒழுகல, பேக்கிங் ஒழுகல. ஒழுகுததெல்லாம் கை எட்டுத எடமாவே ஒழுகுது. எந்த என்ஜினாவது கை எட்டுத எடமாப் பாத்து ஒழுகுமா? அன்னைக்கே எனக்குத் தோணிருக்கணும். தோணலயே. அவரு என்னடான்னா ஸ்டூல்ல உக்காந்து, பூகம்பம் எங்க வந்துருக்குன்னு வாசிச்சுக்கிட்டு இருக்காரு.

யாரச் சந்தேகப்படுவேன்? கொம்பையாவத்தான். முறுக்குதவன் அவன்தான. இதுக்கு எடையில பதினாலாம் நம்பர் ஸ்பேனரக் காணும். சும்மா ஸ்பேனர் இல்ல, நான் தொழில் படிக்கும்போது எங்க மொதலாளி குடுத்தது, கைப்பிடியில வெட்டு போட்டு வச்சிருப்பேன். தேடாத எடம் இல்ல. கொம்பையாட்ட கேட்டேன், தெரியாதுன்னான். "நான் முறுக்குனா முறுக்குனதுதான் அண்ணாச்சி, யாரோ கழத்துதாவ"ன்னு வேற சொல்லுதான். எவன்லே வந்து கழத்துவான்னு ஏசிட்டேன். ஏச்சுன்னா, நாலு பேரு வண்டி விட வந்து நிக்கையில. களவாணிப் பயலேன்னு ஒரு வார்த்த வந்துட்டு. கோவத்துல வந்ததுதான. கைய மண்ணெண்ணெயில கழுவுனான். தொடைச்ச துணிய அந்தா அந்த ஆணியில தொங்கப் போட்டான். போயிட்டான். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஷெட்ல நிக்கானாம் இப்ப. அந்தத் துணிய நான் எடுக்கல. அவன் போட்டதுதான, அவன் வந்து எடுக்கட்டும்.

அன்னைக்கும் உங்கப்பா இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்தாரு. கண்ணால பாத்துக்கிட்டு. பேப்பர மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, தலையக் குனிஞ்சுக்கிட்டு. ஒரு வார்த்த சொல்லலாம்லா? முத்து, அவன விடு, அவன் இல்லன்னு. மூச்சு விடலயே!

சரி, கொம்பையா போயிட்டான். நானே என் கையால முறுக்குனேன். மறு சனிக்கிழமையும் சொட்டுது. இப்ப யாரச் சொல்ல?

அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. என் மக வச்சிருந்த நெயில் பாலிஷ எடுத்துட்டு வந்தேன், நல்ல ரத்தச் செவப்பு. நட்ட முறுக்கிட்டு, நட்டுலேருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் ஒரே கோடா இழுத்து விட்டேன். கிளிப்புக்கு ஒண்ணு, திருகுக்கு ஒண்ணு. ஆராவது அசைச்சா கோடு ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும். தன்னால லூசாவுதா, ஆளு லூசாக்குதானான்னு தெரிஞ்சிரும்லா. சார்ட்ட சொல்லல. எதிர்த்தாப்புல ஷெட்டு போட்டிருக்கானே ஒருத்தன், அவன் ஆள விட்டு என் பேரக் கெடுக்கானோன்னு ஒரு எண்ணம்.

மறு சனிக்கிழமை சார் வாராரு. "முத்து, சொட்டுதுப்பா." அடியில போனேன். கோடு ரெண்டா நிக்குது. அரைச் சுத்து. அளந்து வச்ச மாதிரி அரைச் சுத்து. வெளிய வந்து அவரப் பாக்கேன். வெள்ளச் சட்டை, இஸ்திரி போட்டது. திரும்பி நிக்காரு, முதுகு பூரா மண்ணு. எழுபது தாண்டுன மனுசன், முதுகுல எப்பிடி வரும் மண்ணு? அதுக்கு முந்தியும் பாத்திருக்கேன் அந்த மண்ண. எங்கயாவது செவத்துல சாஞ்சிருப்பாருன்னு நானே தட்டி விட்டிருக்கேன், இந்தக் கையால!

நேரா போயி டிக்கியத் தொறந்தேன். டீச்சரம்மாவோட பழைய சேலைத் துண்டு ஒண்ணு, அதுல என்னமோ சுத்தி இருக்கு. பிரிச்சா என் பதினாலாம் நம்பர் ஸ்பேனர்.

யோசிச்சுப் பாருங்க தம்பி, அந்த நட்டு வழியில கழண்டு விழுந்திருந்தா? ஆயிலு பூரா கொட்டி என்ஜின் இறுகிப் போயிருக்கும். பைபாஸ்ல நடு ரோட்டுல வண்டி நின்னு, பொறத்தால லாரி வந்திருந்தா? அந்தப் பாவம் யாரச் சேரும்? எம் பேரு என்ன ஆவது? ஊருக்குள்ள என்ன சொல்லுவான், முத்து பாத்த வண்டி ஒழுகிக்கிட்டே இருக்கும்பான். நான் என்ன கெடுதல் செஞ்சேன் அவருக்கு? என் தொழிலக் கேவலப்படுத்துததுல அவருக்கு என்ன சந்தோசம்? ராத்திரி தூக்கம் வராம இதத்தான் யோசிச்சுப் பாக்கேன், இன்னைக்கு வரைக்கும் பிடிபடல.

ஸ்பேனர அவரு முன்னால நீட்டி, "என்ன சார் இது?"ன்னேன்.

அவரு அதப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா?

"முத்து, டீ சொல்லட்டுமா?"ங்காரு.

கேட்டியளா? இவ்வளவும் பண்ணிட்டு டீ சொல்லட்டுமாங்காரு! ஒரு மன்னிப்பு இல்ல, ஒரு காரணம் இல்ல. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "சார், உங்களால என் ஆளு போயிட்டான். வாத்தியார்னு உங்கள வச்சிருந்தேன். இனும இந்த வாசல மிதிக்காதீங்க"ன்னு நட்ட முறுக்கி, சாவியக் கையில குடுத்துட்டேன். போகும்போது பேப்பர ஒழுங்கா மடிச்சு ஸ்டூல் மேல வச்சுட்டுப் போனாரு. அதுக்குப் பொறவு அவரும் வரல, நானும் போவல. பேப்பரயும் நிறுத்திட்டேன், எனக்கு யாரு வாசிக்க? இப்ப இந்த ஷெட்ல நான் ஒருத்தன்தான். ரெண்டு பேரும் சேந்து என்ன இப்பிடி விட்டுட்டாவ.

என்னது? கொம்பையாட்ட நான் போயிச் சொல்லலாமேவா? நான் போயி என்னத்தச் சொல்ல? எடுத்தது உங்கப்பா. உங்கப்பாதான் வந்து, வண்ணார்பேட்டைக்கு என்கூட வந்து, நான்தான் எடுத்தேன்னு அவன்ட்ட சொல்லணும். நான் வேணா பக்கத்துல நிக்கேன். அதுதான மொறை.

வண்டிய அணைங்க. சூடேறிட்டு. பாத்துருவோம், என்ன பண்ணி வச்சிருக்காருன்னு பாத்துருவோம்.

ம்.

அட்டைய இழுத்துட்டேன், நீங்களே பாருங்க. ஒண்ணும் இல்ல. கடையிலேருந்து வந்த மாதிரி இருக்கு. டார்ச்ச இங்க அடிங்க. அன்னைக்கு முறுக்கிட்டு மறுபடி கோடு போட்டிருந்தேன், அந்தா பாருங்க செவப்பு, ஒரே கோடா இருக்கா? கிளிப்பு? அதுவும் அப்பிடியே இருக்கு. திருகு? அதுவும். கையே வைக்கல மனுசன். இவ்வளவு நாளா ஒரு தடவ கூடக் கை வைக்கல.

ஏசுனா விட்டுருவாராமா? ஒரு கோவத்துல வாசல மிதிக்காதேன்னா, மிதிக்காமலே இருந்துருவாராமா? என்ன மனுசன் அவரு?

வண்டியா? வண்டி நல்லாத்தான் இருக்கு. நாளைக்கே விக்கலாம். பெங்களூருக்கு எப்ப கூட்டிட்டுப் போறிய அவர? ஞாயித்துக்கிழமையா? இந்த ஞாயித்துக்கிழமையேவா? பெங்களூர்ல நீங்க எத்தனாவது மாடி? லிஃப்ட்டு உண்டுன்னு சொல்லாதீங்க, அது எனக்குத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவிய. பகல்ல அவரு என்ன செய்வாரு? டிவி இருக்குன்னா? இருக்கும் இருக்கும். பேப்பர் வாசிச்சா கேக்க அங்க யாரு இருக்கா? பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தமிழ் தெரியுமா? சீனி போடாம டீ கேக்கத் தெரியாது அவருக்கு, போட்டுக் குடுத்தா பேசாம குடிச்சுருவாரு, சுகர் ஏறிக்கிடும். எனக்கென்ன, நீங்க மகன், நீங்க பாத்துக்கிடுவிய.

தம்பி, ஒண்ணு செய்யுங்க. உங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டு, வண்டியில ஒழுக்கு இருக்குன்னு சொல்லுங்க. முத்து வண்டிய விட மாட்டேங்கான், உங்கள நேர்ல வரச் சொல்லுதான்னு சொல்லுங்க. ஏனா? எனக்கு அவரு பதில் சொல்லணும்லா. கொம்பையாட்ட வரணும்லா. சும்மா விட்டுருவேனா நான்?

அட்டையக் காட்டாதீங்க என்கிட்ட. அட்டை எனக்கும் தெரியுது. ஆமா, சொட்டு இல்ல. ஆமா, இல்லாத ஒழுக்க இருக்குன்னு சொல்ல மாட்டேன்னு நான்தான் சொன்னேன். இப்பவும் அதான் சொல்லுதேன். பேச்சிமுத்து வாயில பொய் வராது.

இருங்க, நவுருங்க, காலத் தள்ளி வைங்க. அந்தச் சேலைத் துண்ட எடுங்க, ஸ்பேனரு அதுக்குள்ளதான் இருக்கு, அப்பிடியே வச்சிருக்கேன். குடுங்க. அட்டைய இங்க தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். நட்டுக்கு அரைச் சுத்துதான், கூட வேண்டாம்.

இந்தா, விழுந்துட்டு பாத்தியளா? கறுப்பா, நல்லா வட்டமா. இந்தா அடுத்தது. இப்பச் சொல்லுங்க, ஒழுகுதா இல்லையா? வண்டி இங்கயே நிக்கட்டும். நீங்க போன் போடுங்க. ஒழுகுதுன்னு சொல்லுங்க, நாளைக்குச் சனிக்கிழமைதான, வரச் சொல்லுங்க. வரும்போது பேப்பர் வாங்கிட்டு வரச் சொல்லுங்க, இங்க இல்ல.